நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது

விஜயபுரம் மண்டலத்து எல்லையோர ஊர் ஒன்றில், வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போன முதல் பெண் கோதை. அவள் அப்பா ஆதிகேசவன் பாதி ஆயுசு வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியவர். பிறகு குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்து, கடைசியில் முக்கால் ஏக்கர் சொந்தமாகவே வாங்கினார். மகளை நர்சிங் படிக்க வைத்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவள் நர்ஸம்மா. காய்ச்சலோ, பிரசவமோ, பூச்சிக்கடியோ, முதல் போன் அவளுக்குத்தான். அவள் திருப்பதியில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள், வார்டு வேலையை விட்டே பன்னிரண்டு வருடம் ஆகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தேவையில்லாத விவரம். நர்ஸம்மா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கல்லூரியில் கோதை பேர் வாங்கியது ஒரு விஷயத்துக்கு. பேக் கேர் என்பார்கள் பிள்ளைகள். எழுந்திருக்க முடியாத நோயாளியை ஒருக்களித்துத் திருப்பி, முதுகைத் துடைத்து, உள்ளங்கையில் ஸ்பிரிட் ஊற்றி, எலும்பு புடைத்த இடங்களில் வட்டவட்டமாக அழுத்தித் தேய்த்து, மேலே பவுடர் போட வேண்டும். ரத்த ஓட்டம் கூடும், படுக்கைப்புண் வராது என்பது அதற்குச் சொல்லும் காரணம். தோல் எங்கேயாவது சிவந்திருந்தால் அங்கே இன்னும் இரண்டு தேய் கூடுதல். மாணவிகள் கையால் எழுதும் செய்முறை நோட்டில் இது ஏழாவது பாடம். சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவாள், அவள் நோட்டைப் பார்த்து அதற்கடுத்தவள். கோதை படித்த காலத்து வாக்கியம், அப்போதிருந்த பிழையோடு, இன்றைக்கும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. முதலில் இதைச் சொன்னது யார், எதை வைத்துச் சொன்னார் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, ஒரு டீச்சரும் கேட்டதில்லை. செய்முறைத் தேர்வில் இதற்கு இருபது மார்க். கோதையிடம் கற்றுக்கொண்டவர்கள் பதினெட்டுக்குக் குறைந்து வாங்கியது கிடையாது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஆதிகேசவனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு. மகன் முனிகிருஷ்ணன் விடிந்தால் ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். ஆக, மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவன் பெண்டாட்டி கங்கம்மா தலையில் விழுந்தது. கங்கம்மா ஆறாவது வரை படித்தவள். வாயாடி இல்லை. மாமனாருக்குச் சோறு ஊட்டி, மலம் அள்ளி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படுக்க வைத்தாள். கோதை சனிக்கிழமை சாயங்காலம் திருப்பதியில் பஸ் ஏறி வருவாள். வந்ததும் முதல் காரியம் அப்பாவின் முதுகுதான். கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, ஒரு படி தவறாமல், ஸ்பிரிட் ஊற்றித் தேய்ப்பாள். கங்கம்மாவை எதிரில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துச் சொல்லியும் கொடுத்தாள். நாளுக்கு மூன்று வேளை தேய்க்கணும் என்று கட்டளை போட்டாள்.

ஆறாவது மாதத்தில் வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. கோதை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அப்போதுதான் கங்கம்மா ஒரு தரம் வாயைத் திறந்தாள்.

"தேய்ச்சா மாமா மூஞ்சி சுளிக்கிறாரு, அண்ணி. நீங்க வராத வாரம் செவப்பு கம்மியாத்தான் கீது. கொஞ்ச நாளைக்கித் தேய்க்காம வுட்டுப் பாக்கலாமா?"

கோதைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நர்ஸ் நீயா நானா என்று கேட்டாள். வேலைக்குச் சோம்பல்பட்டு நோயாளி மேல் பழி போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு கங்கம்மா, கோதை எதிரில் இல்லாத நாளில் பட்டும் படாமலும் தடவிவிட்டாள். சிவப்பு கறுத்தது, தோல் கிழிந்தது, புண் உள்ளே உள்ளே போயிற்று. மூன்று மாதத்தில் ரத்தத்தில் சீழ் கலந்து ஆதிகேசவன் செத்துப்போனார்.

காரியத்தன்று பந்தலில் உறவு மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒரு கிழவர், இவ்வளவு பெரிய நர்ஸ் வீட்டிலேயே மனுஷனுக்கு இப்படிப் புண் வந்துவிட்டதே என்று அங்கலாய்த்தார். கோதைக்கு அடிமடியில் நெருப்பு விழுந்த மாதிரி ஆயிற்று. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, கங்கம்மாவைக் காட்டிச் சொன்னாள்.

"எங்க நைனாவ நோய் கொல்லல. மூணு வேள தேய்க்கச் சொன்னேன், இவ ஒரு வேளகூட ஒழுங்கா தேய்க்கல. இவதான் கொன்னா."

கங்கம்மா சாப்பாட்டு இலையை எடுத்துக்கொண்டு நின்றவள் அப்படியே நின்றாள். முனிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஊர் கோதை சொன்னதைத்தான் நம்பியது, நம்பாமல் என்ன செய்யும்? மாமனாரைப் புழுக்க விட்டவள் என்று கங்கம்மாவுக்கு ஒரு பேர் ஒட்டிக்கொண்டது. குழாயடியில் அவளைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். அதிலிருந்து கோதை பிறந்த வீட்டுக்குப் போவதில்லை. தம்பி மட்டும் நல்ல நாள், கெட்ட நாளுக்குப் போன் பண்ணுவான்.

மூன்று வருடம் கழித்துக் கல்லூரிக்குப் புதுப் பாடத்திட்டம் வந்தபோது, அதில் ஆதாரத்தை வைத்து நோயாளியைப் பார்ப்பது எப்படி என்றொரு பகுதி இருந்தது. ஒருத்தரும் எடுக்க முன்வரவில்லை. மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்த பாவத்துக்கு அது கோதை தலையில் விழுந்தது. அவளும் சளைத்தவள் இல்லை. கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்து, உச்சிப் படியில் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து எடைபோட்ட முடிவுகளை வைத்தாள். ஒரே ஒரு நோயாளியின் கதையைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் சொன்னார்கள், நாங்கள் அப்படித்தான் படித்தோம் என்பதை அதற்கும் கீழே தரையில் வைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு வேலை கொடுத்தாள். செய்முறை நோட்டிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அது சரி என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று தேடி வந்து வகுப்பில் சொல்ல வேண்டும்.

சூளூர்பேட்டையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஹர்ஷினி பேக் கேரை எடுத்துக்கொண்டாள். மேடத்துக்குப் பிடித்த பாடம், மேடம் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தாள், பாவம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அவள் முறை வந்தது. வழக்கமாகத் தெலுங்கும் தமிழுமாகக் கலந்துகட்டிப் படபடவென்று பேசுகிற பெண், அன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வாசித்தாள்.

"சிவந்த எடத்துல தேய்க்கவே கூடாதுன்னு எல்லா வழிகாட்டுதல்லயும் போட்டிருக்கு மேடம். அந்த எடத்துல உள்ள ஏற்கெனவே அடிபட்டிருக்குமாம். அழுத்தித் தேய்ச்சா அது இன்னும் கெட்டுப்போய்ப் புண்ணாயிடுமாம். ஸ்பிரிட் தோலைக் காய வச்சிடுமாம். அடிக்கடி திருப்பிப் படுக்க வெக்கறதுதான் முக்கியம்னு இருக்கு."

கோதை அவள் கையிலிருந்த தாள்களை வாங்கிப் பார்த்தாள். ஒன்றல்ல, நாலைந்து நாட்டு வழிகாட்டுதல்கள். இருபது வருடத்துக்கும் மேலாக அச்சில் கிடக்கிற விஷயம். அவள் தேடவில்லை, அவ்வளவுதான். அப்பா முகம் சுளித்ததும், தேய்க்காமல் விட்டுப் பார்க்கலாமா என்று கங்கம்மா கேட்டதும், பந்தலும் இலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அடிக்கடி திருப்பியது யார்? கங்கம்மா. அழுத்தித் தேய்த்தது யார்? இதற்கு மேல் யோசிக்க வேண்டியதே இல்லை.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, அப்படியென்றால் தேர்வில் எப்படிச் செய்வது மேடம் என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று கோதை வகுப்பை முடித்தாள்.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் கையில் பழைய பட்டியல்தான் இருக்கும், ஸ்பிரிட் எங்கே என்றுதான் கேட்பார், உங்கள் வீரத்தைப் பிள்ளைகள் மார்க்கில் காட்ட வேண்டாம் என்றார். நோட்டை மாற்ற வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், அடுத்த வருடம் கமிட்டியில் வைக்கலாம் என்றார். கோதை திரும்பி வந்து வகுப்பில் சொன்னாள். தேர்வுக்கு நோட்டில் இருக்கிறபடி, வேலைக்குப் போனபின் ஹர்ஷினி தேடிக்கொண்டு வந்தபடி. பிள்ளைகளுக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது, சிலர் சிரித்தும்விட்டார்கள். ஹர்ஷினி மட்டும் தலை நிமிரவில்லை.

கங்கம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்பது கோதைக்கு அன்றைக்கே தெரியும். ஒரு போன், இரண்டு வார்த்தை. மூன்று வருடமாக ஒரு பெண் தலையில் சுமக்கிற பழி இறங்கிவிடும். ஆனால் இறங்குகிற பழி காற்றிலா நிற்கும்? பந்தலில் சொன்னதைப் பந்தல் கூடியவர்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். எங்க அப்பாவை நான்தான், என்று ஆரம்பிக்கிற ஒரு வாக்கியத்தை எந்த மகளால் சொல்ல முடியும்? அதனால் அவள் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு நோயாளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளே படிக்கட்டு வரைந்து காட்டியிருக்கிறாள் அல்லவா? அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, சாப்பாடு இறங்கவில்லை, தேய்க்காவிட்டாலும் புண் வந்திருக்கலாம். படித்தவளுக்குப் பொய் சொல்லிக்கொள்ளவும் படிப்பு உதவுகிறது.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் தம்பி போன் பண்ணினான். கங்கம்மாவின் அம்மா பச்சையம்மாள் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டதாம். இதயம் பலவீனம், ஆபரேஷன் தாங்காது என்று சித்தூரில் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டாராம். கார்வேட்டிநகரத்துப் பக்கம் அம்மா வீட்டில்தான் கங்கம்மா இருக்கிறாள், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளைப் பார்த்துக்கொள்கிறாள் என்றான். கோதைக்குத் தொண்டைக்குழி வரைக்கும் வந்துவிட்டது. முதுகில் தேய்க்க வேண்டாம் என்று சொல்லு, என்ற ஐந்து வார்த்தை. ஏன் என்று அவன் கேட்பான். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் மென்று முழுங்கிவிட்டு, கால்சியம் மாத்திரையைப் பற்றி ஏதோ சொல்லிப் போனை வைத்தாள்.

அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது அவளுக்கு. கங்கம்மாதான் தேய்ப்பதே பிடிக்காதவள் ஆயிற்றே. மாமனாருக்கே தேய்க்காதவள் அம்மாவுக்கா தேய்க்கப்போகிறாள்? இப்படி நினைத்ததும் அவளுக்கு உண்மையாகவே நிம்மதி வந்தது. பரீட்சை முடியட்டும், பொங்கல் முடியட்டும், நேரில் போய் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டாள். கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று.

செய்முறைத் தேர்வு பொங்கலுக்கு அடுத்த வாரம் வார்டிலேயே நடந்தது. பொம்மை வைத்து நடத்துகிற பழக்கம் அங்கே இல்லை, நோயாளிதான் பரீட்சைத்தாள். ஹர்ஷினிக்குக் கிடைத்தது மாம்பழக் கூழ் ஆலையில் லோடு ஏற்றும்போது விழுந்து முதுகொடிந்த ஒரு பெரியவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவரைத் திருப்பி, சட்டையை விலக்கியதும் வால் எலும்பின் மேல் சிவப்பு இருந்தது. வெளித்தேர்வாளர் கையில் பட்டியலோடு ஒரு பக்கம், உள்தேர்வாளராகக் கோதை ஒரு பக்கம். ஸ்பிரிட்டை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்ட ஹர்ஷினியின் கை நின்றது. அவள் நிமிர்ந்து கோதையைப் பார்த்தாள். கோதை மார்க் தாளைப் பார்த்தாள்.

அந்தப் பெண் தேய்த்தாள். நன்றாக, அழுத்தி, வட்டவட்டமாக, கோதை சொல்லிக்கொடுத்தது போலவே தேய்த்தாள். உணர்ச்சி இல்லாத பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பத்தொன்பது மார்க். வெளியே வந்து ஹர்ஷினி குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். கோதை பக்கத்தில் போனதும், வணக்கம்கூடச் சொல்லாமல் நகர்ந்து போய்விட்டாள். மேடம் என்று காலைச் சுற்றிச் சுற்றி வந்த பெண் அது. கோதைக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தூர் போய் அங்கிருந்து கார்வேட்டிநகரத்துக்குப் பஸ் மாறினாள்.

வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வருமுன்னரே நாற்றம் வழி காட்டியது. சதை அழுகும் நாற்றம் அவளுக்குத் தெரியும். பச்சையம்மாள் கயிற்றுக்கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள், உடம்பு அனலாகக் கொதித்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கோதை சேலையை விலக்கிப் பார்த்தாள். கை முஷ்டி போகிற பள்ளம். அடியில் எலும்பு வெளுப்பாகத் தெரிந்தது. நூற்றெட்டுக்குப் போன் போட்டாள். வண்டி வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். வந்தாலும் கிழவி பிழைப்பது சந்தேகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

கங்கம்மா பாதியாக இளைத்திருந்தாள். மூன்று வருடம் கழித்து வீட்டுக்குள் நிற்கிற நாத்தனாரைப் பார்த்து அவளுக்கு வந்தது கோபமில்லை, பயம். தப்பு கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. உள்ளே ஓடிப்போய் ஸ்பிரிட் பாட்டிலையும் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து, சாட்சி கொண்டுவந்த மாதிரி கோதை முன்னால் வைத்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு காலி பாட்டில்களையும் வைத்தாள்.

"ஒரு வேளகூட வுடல அண்ணி. நீங்க அன்னிக்குக் கையப் புடிச்சிக் காட்னீங்களே, அதே மாதிரிதான் தேய்ச்சிக்கினு கீறேன். தோலு கிழிஞ்ச அப்புறங்கூட சுத்தித் தேய்ச்சேன். அம்மா வலிக்குதுன்னு கத்துவா, நான் வுட மாட்டேன். மாமாவுக்குச் செய்யாததாலதான் அவரு போயிட்டாருன்னு எனக்குப் புத்தி வந்திச்சு. இந்தத் தபா யாரும் என்னைச் சொல்ல முடியாது."

கோதை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி தலையிலிருந்து ஒரு பழியை இறக்கி வைக்கத்தான் அவள் பஸ் ஏறி வந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரியதை அந்தத் தலையில் ஏற்ற வேண்டும். சொல்லாமலும் போய்விடலாம். கிழவி போய்விடுவாள், கங்கம்மா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று ஆறுதலாக இருப்பாள். அந்த ஆறுதலை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒரு நொடி கோதைக்குத் தோன்றவும் செய்தது. அதற்குள் கங்கம்மா பாட்டிலைத் திறந்து, வண்டி வருவதற்குள் மத்தியான வேளைக்கு ஒரு தரம் தேய்த்துவிடுகிறேன் என்று உள்ளங்கையைக் குவித்தாள்.

கோதை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தேய்க்காத கங்கம்மா. தேய்க்கவே கூடாது. நைனாவுக்கும் நீ சொன்னதுதான் சரி. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு. நீ ஒண்ணும் பண்ணல, எல்லாம் நான் பண்ணது."

கங்கம்மாவுக்கு உடனே பிடிபடவில்லை. மாமாவுக்குத் தேய்க்கக் கூடாதா, என்றாள். கூடாது. அம்மாவுக்கும் கூடாதா, என்றாள். கோதை தலையை ஆட்டினாள். யார் சொன்னார்கள் என்று கேட்டாள் கங்கம்மா. புத்தகத்தில் இருக்கிறது, என்னிடம் படிக்கிற ஒரு பெண் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள் என்றாள் கோதை. கங்கம்மா தன் உள்ளங்கையில் இருந்த ஸ்பிரிட்டைப் பார்த்தாள், அதைச் சேலையில் துடைத்தாள், பிறகு இன்னொரு தரம் துடைத்தாள்.

"எப்ப சொன்னா அந்தப் பொண்ணு?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொன்னால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கோதை தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் என்றாள்.

கங்கம்மா கட்டிலில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள். கோதையைப் பார்த்தாள். அவள் குரல் ஏறவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்கம்மா வுழுந்தது தீபாவளிக்கு அப்புறம், அண்ணி."